முதலில் சம்பளப் பட்டியல், பிறகு மேனேஜர்

கீழ்ப்பிரிவுக்கு இறங்கிய மறுநாள் காலையில் ஒரு கால்பந்து கிளப்பின் அலுவலகத்தில் முதலில் மேசைக்கு வருவது வீரர்களின் ஒப்பந்தக் கோப்புகள்தான். யாருக்கு ஜூன் 30-ல் ஒப்பந்தம் முடிகிறது, யாருக்குச் சம்பளக் குறைப்பு ஷரத்து இருக்கிறது, யாரை இன்ன விலை வந்தால் விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்பதையெல்லாம் ஒரே தாளில் கொண்டுவர வேண்டும். இங்கிலாந்தின் கிளப் அலுவலகங்களில் கணக்காளனாகச் சேர்ந்து, பிறகு கிளப் செகரட்டரியாகி, அந்தத் தாளைத் தயாரிக்கும் வேலையைப் பல ஆண்டுகள் பார்த்தவன் நான். வெளியே பத்திரிகைகள் அடுத்த மேனேஜர் யார் என்று பெயர்களை அடுக்கிக்கொண்டிருக்கும். உள்ளே, அந்தத் தாளைப் படித்துவிட்டு மேனேஜரைத் தேடிய போர்டுகளும் உண்டு. படிக்காமலே தேடியவையும் உண்டு. யார் படித்தார்கள், யார் படிக்கவில்லை என்பது அடுத்த மே மாதப் புள்ளிப் பட்டியலில் தெரிந்துவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த 1990-களின் தொடக்கத்தில் மேனேஜரைத் தேர்ந்தெடுப்பது சேர்மனின் தனி உரிமை. அவர் பெரும்பாலும் அந்த ஊரின் தொழிலதிபராக இருப்பார். பழைய வீரர் ஒருவரிடம் விசாரிப்பார், தெரிந்த பத்திரிகைக்காரரிடம் பேசுவார், ஹோட்டல் ஒன்றில் இரவு உணவு, கைகுலுக்கல், அவ்வளவுதான். அன்றைய மேனேஜர் எல்லாவற்றுக்கும் பொறுப்பாளி. வீரர்களை வாங்குவதும் விற்பதும் அவர்; ஸ்கவுட்களை அமர்த்துவது அவர்; இளையோர் அணி யாரிடம் இருக்க வேண்டும் என்று சொல்வதும் அவர். அவர் போனால் கிளப்பின் நினைவே அவரோடு போய்விடும். வந்தவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவார்.

அந்த முறையின் ஆபத்தை எங்கள் தலைமுறைக்குக் காட்டியது மான்செஸ்டர் சிட்டி. இன்றைய ரசிகருக்கு நம்பக் கடினமாக இருக்கும். 1996 மே மாதம், கடைசி ஆட்டத்தில் லிவர்பூலுடன் 2-2 என்று சமன் செய்து அந்தக் கிளப் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது. சமன் போதும் என்ற தவறான தகவலை நம்பி, இறுதி நிமிடங்களில் வீரர்கள் கொடி மூலையில் பந்தை வைத்து நேரம் கடத்தியதும் நடந்தது. அடுத்த சீசன் தொடங்கிய வேகத்திலேயே மேனேஜர் ஆலன் பால் விலகினார். ஒரு தற்காலிகப் பொறுப்பாளர், பிறகு ஸ்டீவ் கோப்பல். அவர் 33 நாளில் விலகினார். மறுபடி ஒரு தற்காலிகப் பொறுப்பாளர், அதன் பிறகு ஃபிராங்க் கிளார்க். ஒரே சீசனில் ஐந்து பேர். ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த வீரர்களைக் கேட்டார்கள். போனவர் வாங்கிய வீரர்களின் சம்பளம் மட்டும் கணக்கில் நின்றது. 1998 பிப்ரவரியில் ஜோ ராயில் வந்தபோது நிலைமை முற்றிப் போயிருந்தது. அந்த மே மாதம் கிளப் மூன்றாம் பிரிவுக்குப் போனது.

நான் அதிகம் யோசித்தது அதற்கு அடுத்து நடந்ததைப் பற்றித்தான். இறக்கத்தின்போது பொறுப்பில் இருந்த ராயிலை அவர்கள் மாற்றவில்லை. எந்த வீரர்கள் வேண்டாம் என்பது இப்போது அவருக்குத் தெரிந்திருந்தது. பெருத்துப்போன அணியைக் குறைக்க அவருக்கு ஒரு கோடைகாலம் கிடைத்தது. 1999 மே மாதம் வெம்ப்ளியில், மேலேறும் கடைசி இடத்துக்கான பிளே-ஆஃப் இறுதி ஆட்டத்தில், கில்லிங்ஹாமுக்கு எதிராக 0-2 என்று பின்தங்கி, 90 நிமிடம் கடந்த பிறகு பால் டிக்கோவ் போட்ட கோலால் சமன் செய்து, பெனால்டியில் வென்று மேலேறினார்கள். அதற்கடுத்த ஆண்டு பிரீமியர் லீக். டிக்கோவின் கோலை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எங்களைப் போன்ற அலுவலகக்காரர்கள் நினைவில் வைத்திருப்பது, 1998 கோடையில் ஒரு போர்டு எடுத்த முடிவை.

இதற்கிடையே பணம் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருந்தது. 1992-ல் பிரீமியர் லீக் தனியாகப் பிரிந்தது. 1995 டிசம்பரில் வந்த போஸ்மன் தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்த வீரர் எந்தத் தொகையும் இல்லாமல் வேறு கிளப்புக்குப் போகலாம் என்றது. 2002-03 முதல் வீரர்களை வாங்கி விற்பது ஆண்டுக்கு இரண்டு குறிப்பிட்ட காலங்களுக்குள் அடங்கியது. முன்பு நவம்பரில் ஒரு மேனேஜரை நியமித்தால் அவர் டிசம்பரிலேயே நான்கு பேரை வாங்கலாம். இப்போது ஜனவரிக்குக் காத்திருக்க வேண்டும். ஜனவரியில் விலை எகிறும். ஆகவே கோடையில் எடுக்கும் முடிவின் எடை பல மடங்கு கூடிவிட்டது.

பாராசூட் பணம் என்று ஒன்று உண்டு. இறங்கிய கிளப்புக்கு, பிரீமியர் லீக் கிளப்புகள் சமமாகப் பங்கிடும் ஒளிபரப்பு வருவாயில் ஒரு கிளப்பின் பங்கிலிருந்து முதல் ஆண்டு 55 சதவீதம், இரண்டாம் ஆண்டு 45 சதவீதம், மூன்றாம் ஆண்டு 20 சதவீதம் தருவார்கள். மேலே ஒரே ஒரு சீசன் மட்டும் இருந்துவிட்டு வந்தால் மூன்றாம் ஆண்டுத் தொகை கிடையாது. பிரீமியர் லீக்கில் கடைசி இடம் பிடித்தாலும் லீக்கிலிருந்து வரும் தொகை இப்போது 10 கோடி பவுண்டை ஒட்டியே இருக்கிறது. இறங்கியதும் அது பாதிக்கும் கீழே வந்துவிடும். சம்பளம் தானாகப் பாதியாகாது. சம்பளக் குறைப்பு ஷரத்தை முன்பே எழுதி வைத்த கிளப் தப்பிக்கும். எழுதாத கிளப் வீரர்களை விற்றுத்தான் சம்பளம் கொடுக்கும். அனுமதிக்கப்பட்ட நஷ்ட வரம்பும் இரண்டாம் பிரிவான சாம்பியன்ஷிப்பில் மிகக் குறைவு. புதிய மேனேஜருக்குப் பணம் கொடுக்க உரிமையாளருக்கு மனம் இருந்தாலும் விதி விடாது.

2002-ஐ நான் மறக்க மாட்டேன். கீழ்ப்பிரிவுகளின் ஒளிபரப்பு உரிமையை 31.5 கோடி பவுண்டுக்கு எடுத்திருந்த ஐடிவி டிஜிட்டல் நிறுவனம் அந்த ஆண்டு மூழ்கியது. வரவேண்டிய பணத்தை நம்பி ஒப்பந்தம் போட்ட கிளப்புகள் எல்லாம் நடுங்கின. அந்த ஆண்டுதான் லெஸ்டர் சிட்டி பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியிருந்தது. புதிய மைதானத்தின் கடன் வேறு. அக்டோபரில் கிளப் திவால் நிலைக்குப் போய் வெளி நிர்வாகியின் கட்டுப்பாட்டில் வந்தது. மேனேஜர் மிக்கி ஆடம்ஸ் புது வீரர்களை வாங்க வழியில்லாமல், இருந்தவர்களை வைத்தே ஆடினார். இரண்டாம் இடம் பிடித்து மேலேறினார். தம்மிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது ஆடம்ஸுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. இறங்கிய கிளப்பின் மேனேஜருக்கு அந்தத் தெளிவைவிடப் பெரிய உதவி வேறில்லை என்று அன்று எனக்குப் பட்டது; இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

நான் செகரட்டரியாக இருந்த ஒரு கிளப்பில், இறங்கிய கோடையில் மூன்று பேரை நேர்காணலுக்கு அழைத்தோம். முதலில் வந்தவர் நாட்டுக்காக ஆடிய பெரிய வீரர். வெற்றி பெறும் மனநிலை பற்றி அருமையாகப் பேசினார். அடுத்து வந்தவர் இளைஞர். மடிக்கணினியைத் திறந்து எங்கள் அணியின் கடந்த சீசன் ஆட்டங்களைத் துண்டு துண்டாக வெட்டிக் காட்டினார். எங்கே பந்தை இழந்தோம், ஏன் இழந்தோம் என்று எங்களுக்கே தெரியாத விஷயங்களைச் சொன்னார். மூன்றாமவர் கீழ்ப்பிரிவுகளில் நெடுங்காலம் உழைத்த மனிதர். அவர் எதையும் காட்டவில்லை. சில கேள்விகள்தான் கேட்டார்.

"செப்டம்பர் முதல் தேதி இந்த அணியில் யார் யார் இருப்பார்கள்?"

போர்டு உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"விற்கும் பணத்தில் எவ்வளவு எனக்குத் திரும்ப வரும்? எழுத்தில் இருக்கிறதா?"

"பேசிக்கொள்ளலாம்" என்றார் சேர்மன்.

"அக்டோபர் கடைசியில் நாம் பதினைந்தாம் இடத்தில் இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?"

அதற்கும் பதில் இல்லை. அவர் நன்றி சொல்லி எழுந்தார். மறுநாள் தொலைபேசியில் அழைத்து, தமக்கு இந்த வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அவர் போன பிறகுதான் அந்த போர்டு உண்மையில் வேலை செய்யத் தொடங்கியது. அவருடைய கேள்விகளையே தலைப்பாக வைத்து உட்கார்ந்தோம். எந்த இரண்டு வீரர்களை எவ்வளவு விலைக்கு மேல் வந்தால் விற்பது, எந்தத் தேதிக்குப் பிறகு விற்பதில்லை, எந்த இளையோரை முதல் அணியில் சேர்ப்பது, இந்த ஆண்டே மேலேறாவிட்டால் கிளப் தாங்குமா, எல்லாவற்றையும் எழுதினோம். அந்தத் தாளை இளைஞரிடம் கொடுத்தோம். ஓரிரவு வைத்திருந்து படித்துவிட்டு, இதற்குள் தன்னால் வேலை செய்ய முடியும் என்றார். இலையுதிர்காலத்தில் தொடர் தோல்விகள் வந்தன, கூட்டம் கத்தியது. தாளில் எழுதியிருந்தபடி போர்டு அசையவில்லை. வசந்தத்தில் அணி மேல்பாதிக்கு வந்தது. தேர்வு செய்யப்படாத ஒருவரின் கேள்விகள் தேர்வு செய்யப்பட்டவரைக் காப்பாற்றின.

இதற்கு நேர்மாறான கோடை ஒன்றும் வேறொரு கிளப்பில் எனக்கு வாய்த்தது. உரிமையாளர் புகழ்பெற்ற பெயர் ஒன்றை ஜூன் மாதமே அறிவித்தார். சீசன் டிக்கெட்டுகள் நன்றாக விற்றன. மேனேஜருக்கு வாய்மொழியாகத் தந்த வாக்கு, இரண்டு முக்கிய வீரர்களும் இருப்பார்கள் என்பது. இருவருக்கும் விடுவிப்பு ஷரத்து இருந்ததை நான் தயாரித்த தாள் சொன்னது. அந்தத் தாள் அவரிடம் போகவில்லை. ஆகஸ்டில் இருவரும் போனார்கள். குளிர் தொடங்குவதற்குள் மேனேஜரும் போனார். அவருடன் வந்த உதவியாளர், கோல்கீப்பர் பயிற்சியாளர், உடற்பயிற்சியாளர், ஆட்டப் பகுப்பாய்வாளர் எல்லாருக்கும் மீதி ஒப்பந்தத் தொகை கொடுத்து அனுப்பினோம். அதே வாரத்தில் டிக்கெட் கவுண்டரிலும் சமையலறையிலும் ஆள்குறைப்புக் கடிதங்கள் போயின. இருபது வருடம் அங்கே உழைத்தவர்களும் அதில் இருந்தார்கள். மேனேஜர் தேர்வு தவறினால் அதன் விலையைக் கடைசியில் கொடுப்பவர்கள் இவர்கள்தான். இதைப் பத்திரிகைகள் எழுதுவதில்லை.

இருப்பவரையே வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்பது ஒவ்வொரு கோடையிலும் வரும் முதல் வாதம். இதற்குப் பொது விதி கிடையாது. ஆனால் பார்த்த உதாரணங்கள் நிறைய. 2009-ல் நியூகாசில் இறங்கியது. கடைசி எட்டு ஆட்டங்களுக்கு ஆலன் ஷியரரை அழைத்தும் பலனில்லை. கிளப் விற்பனைக்கு வேறு இருந்தது. தயாரிப்பு ஆட்டம் ஒன்றில் லேய்டன் ஓரியண்டிடம் 6-1 என்று தோற்றார்கள். அதற்குப் பிறகு வீரர்களே கூடிப் பேசி, இருக்க விரும்புகிறவர்கள் முழு மனதோடு இருப்பது என்று முடிவெடுத்தார்கள். பெரிய பெயர் எதுவும் இல்லாமல், தற்காலிகப் பொறுப்பில் இருந்த கிறிஸ் ஹியூட்டன் அந்த அணியை 102 புள்ளிகளுடன் மேலேற்றினார். வீரர்களுக்கு அவரைத் தெரியும், அவருக்கு வீரர்களைத் தெரியும். அந்தக் கோடையில் அந்தக் கிளப்புக்குத் தேவைப்பட்டது அதுதான்.

அதே 2009-ல் நார்விச் சிட்டி மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது. பழைய கோல்கீப்பரும் ஊரின் அன்பருமான பிரையன் கன்னையே மேனேஜராகத் தொடர வைத்தார்கள். முதல் ஆட்டத்தில், சொந்த மைதானத்தில், கோல்செஸ்டரிடம் 7-1 என்று தோற்றார்கள். சில நாட்களிலேயே கன் நீக்கப்பட்டார். அடுத்து நார்விச் அழைத்தது, அந்த ஏழு கோல்களைப் போட்ட கோல்செஸ்டரின் மேனேஜர் பால் லாம்பர்ட்டை. இழப்பீடு பற்றிய தகராறில் நார்விச்சுக்கு லீக் அபராதம் விதித்தது. ஆனாலும் லாம்பர்ட் அந்த ஆண்டே பட்டம் வென்றார். அடுத்த ஆண்டு பிரீமியர் லீக்குக்கே கொண்டுபோனார். இங்கே மாற்றியதுதான் சரி.

மாற்றாமல் வென்றவர்களும் உண்டு. பர்ன்லி 2015-ல் இறங்கியபோது ஷான் டைச்சை வைத்துக்கொண்டது; 2016-ல் பட்டம். நார்விச் 2020-ல் வெறும் 21 புள்ளிகளுடன், கடைசிப் பத்து ஆட்டங்களிலும் தோற்று இறங்கியபோது டேனியல் ஃபார்க்கேயை நீக்கவில்லை. 97 புள்ளிகளுடன் திரும்பி வந்தார். இரண்டு கிளப்புகளும் மேலே ஏறும்போதே, இறங்கினால் என்ன செய்வது என்று திட்டமிட்டிருந்தன. சம்பளத்தைக் கட்டுக்குள் வைத்திருந்தன. மேனேஜரைத் தக்கவைக்க முடிந்தது அதனால்தான்.

இந்திய வாசகர்களுக்கு பிளாக்பர்ன் ரோவர்ஸ் பெயர் தெரிந்திருக்கும். புனேயின் வெங்கீஸ் நிறுவனம் 2010-ல் வாங்கிய கிளப். 2012-ல் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியபோது அடுத்த சீசனில் அவர்கள் மேனேஜர்களை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஹென்னிங் பெர்க் 57 நாள், மைக்கேல் ஆப்பிள்டன் 67 நாள். அதே உரிமையாளர்கள் 2017-ல் வேறு விதமாக நடந்தார்கள். பிப்ரவரியில் வந்த டோனி மௌப்ரேயால் அணியைக் காப்பாற்ற முடியவில்லை. 51 புள்ளிகள் எடுத்தும் கோல் வித்தியாசத்தில் மூன்றாம் பிரிவுக்குப் போனார்கள். ஆனால் அவரை நீக்கவில்லை. அடுத்த ஆண்டே மேலேறினார்கள். அதன் பிறகும் பல ஆண்டுகள் அவர் அங்கேயே இருந்தார். உரிமையாளர்களும் கற்றுக்கொள்கிறார்கள் என்பதற்கு இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

கற்றுக்கொள்ளாத இடங்களில் நல்ல மனிதர்கள் வீணாகிறார்கள். 2022-ல் வாட்ஃபோர்ட் இறங்கியதும் ராப் எட்வர்ட்ஸ் என்ற இளம் மேனேஜரைக் கீழ்ப்பிரிவிலிருந்து அழைத்து வந்தது. பத்து லீக் ஆட்டங்களுக்குப் பிறகு, அணி பத்தாம் இடத்தில் இருந்தபோது அவரை நீக்கியது. நவம்பரில் பக்கத்து ஊர்ப் போட்டியாளரான லூட்டன் அவரை எடுத்துக்கொண்டது. அடுத்த மே மாதம் லூட்டன் பிரீமியர் லீக்கில். மாறியது கிளப் மட்டும்தான். எட்வர்ட்ஸ் அதே எட்வர்ட்ஸ்.

ஆகஸ்ட் மாதத்தின் புள்ளிப் பட்டியலை நம்ப வேண்டாம் என்று நான் புது போர்டு உறுப்பினர்களிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. சாம்பியன்ஷிப் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடும். வீரர்களை விற்கும் காலமோ அந்த மாத இறுதிவரை திறந்திருக்கும். முதல் நான்கைந்து ஆட்டங்களில் களத்தில் இருப்பவர்களில் சிலரின் ஏஜென்டுகள் வேறு கிளப்புடன் பேசிக்கொண்டிருப்பார்கள். மேனேஜருக்கு உண்மையான அணி செப்டம்பரில்தான் கிடைக்கிறது. 46 ஆட்டங்கள் கொண்ட சீசனில் பத்தாவது ஆட்டத்தில் அவரை எடைபோடுவது அநியாயம்.

தேர்வு முறையும் இப்போது வெகுவாக மாறிவிட்டது. ஸ்போர்ட்டிங் டைரக்டர் என்ற பதவி வந்திருக்கிறது. வீரர்களை வாங்கும் பொறுப்பு அவரிடம். மேனேஜர் பெரும்பாலும் தலைமைப் பயிற்சியாளர் மட்டுமே. வேறு கிளப்பில் ஒப்பந்தத்தில் இருப்பவரிடம் பேச முதலில் அந்தக் கிளப்பின் அனுமதி வேண்டும். இழப்பீடு பேச வேண்டும். யூஇஎஃப்ஏ புரோ உரிமம் இருக்கிறதா, பிரெக்ஸிட்டுக்குப் பிறகு ஐரோப்பியருக்குக் கால்பந்துச் சங்கத்தின் ஒப்புதல் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். மே தொடக்கத்தில் இறங்கிய கிளப்பின் வீரர்கள் ஜூன் கடைசியில் பயிற்சிக்குத் திரும்பிவிடுவார்கள். இடையில் இருப்பது சில வாரங்கள்தான். தரவுப் பகுப்பாய்வு வந்தது பெரிய நன்மை. ஒரு மேனேஜர் தம் அணியின் பணபலத்தை மீறி எவ்வளவு செய்தார் என்று இப்போது அளந்து பார்க்க முடிகிறது. ஹோட்டல் உணவையும் கைகுலுக்கலையும் விட இது மேல்.

இன்னொரு மாற்றத்தைக் கவலையோடு பார்க்கிறேன். 2022-ல் பர்ன்லி வின்சென்ட் கொம்பனியை நியமித்து, 101 புள்ளிகளுடன் திரும்பியது. 2023-ல் லெஸ்டர் என்ஸோ மரெஸ்காவையும் சவுத்தாம்ப்டன் ரஸல் மார்ட்டினையும் அழைத்து அடுத்த ஆண்டே மேலேறின. பந்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டு ஆடும் அழகான முறை. ஆனால் சாம்பியன்ஷிப்பில் பணக்கார அணிக்குப் பந்து எளிதில் கிடைக்கும், மேலே கிடைக்காது. 2023-ல் ஏறிய மூன்று கிளப்புகளும் 2024-ல் இறங்கின. 2024-ல் ஏறிய மூன்றும் 2025-ல் இறங்கின. சவுத்தாம்ப்டன் எடுத்தது 12 புள்ளிகள். கொம்பனி போன பிறகு பர்ன்லி ஸ்காட் பார்க்கரை எடுத்தது. அவருடைய அணி 46 ஆட்டங்களில் விட்டது 16 கோல்கள் மட்டுமே, 100 புள்ளிகள். 2023-ல் லீட்ஸ் அழைத்த ஃபார்க்கே முதல் ஆண்டு 90 புள்ளிகள் எடுத்தும் பிளே-ஆஃப் இறுதியில் தோற்றார்; கிளப் அவரை விடவில்லை; 2025-ல் 100 புள்ளிகளுடன் பட்டம் வென்றார். மேலேறும் வேலைக்கும் மேலே நிலைக்கும் வேலைக்கும் ஒரே ஆள் பொருந்துவாரா என்ற கேள்வியை நியமிக்கும் நாளிலேயே கேட்டுவிட வேண்டும்.

போர்டுகளில் உட்காரும் இளையவர்கள் என்னிடம் வந்து யாரை எடுக்கலாம் என்று பெயர் கேட்கிறார்கள். நான் பெயர் சொல்வதில்லை. செப்டம்பரில் இருக்கப்போகும் அணியை எழுதுங்கள். பணத்தை எழுதுங்கள். எத்தனை காலம் பொறுப்பீர்கள் என்பதையும் எழுதுங்கள். அந்தத் தாளை வேட்பாளரிடம் கொடுங்கள். அதைப் படித்த பிறகும் வர விரும்புகிறவர்களில் சிறந்தவரை எடுங்கள். ரசிகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அக்டோபரில் அணி தோற்றால், மேனேஜரை நீக்கச் சொல்லிக் கத்துவதற்கு முன், அவரிடம் கோடையில் என்ன சொல்லி வேலைக்கு எடுத்தீர்கள் என்று உரிமையாளரைக் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத கிளப்பை எந்த மேனேஜராலும் மேலே கொண்டுவர முடியாது.